பார்த்துக்கொள்ளச் சொன்ன பை

புதன்கிழமை, மதியம்

அன்புள்ள வாண்டுவின் அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். அங்கே நீங்களும் வாண்டும் அத்தையும் ஒருவரையொருவர் கடித்துக் குதறாமல் மூன்று வாரத்தைத் தள்ளிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம்.

“போன்ல கேட்டா நீ எல்லாத்துக்கும் சூப்பர்னுதான் சொல்லுவ, எழுத்துல குடு” என்று சொல்லி அனுப்பினீர்கள். அடுத்தவன் செய்த மென்பொருளில் ஓட்டை தேடிச் சம்பளம் வாங்குகிற மனிதரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான். நாம் இங்கே குடிவரலாமா என்று பார்க்கப் பதினேழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று பக்கத்தில் கட்டம் வேறு. பெண் பார்க்க வந்தபோது எனக்கும் இப்படி ஒரு கட்டம் போட்டுப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பீர்கள்.

இணையம்: ஒன்பது. வந்ததிலிருந்து ஒரே ஒருநாள்தான் நின்றது, அதுவும் பத்து நிமிடம். படங்களுக்கு அடியில் வசன வரி போடுகிற எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? தண்ணீர்: எட்டு. மின்சாரம்: எட்டு. வீடு: பத்துக்குப் பதினொன்று. மூன்று அறை. நான் சமையலறையில் குக்கர் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டிங் பேச வேண்டாம், நீங்கள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டாம். அத்தைக்குத் தனியாக ஒரு அறை, அதில் ஜன்னல்கூட இருக்கிறது. இத்தனைக்கும் வாடகை அங்கே கொடுப்பதில் பாதிதான்.

இப்போது உங்களுக்குப் பிடித்தமான பன்னிரண்டாவது கேள்விக்கு, பாதுகாப்புக்கு, வருகிறேன். இணையத்தில் எவனோ ‘அபாயம் அதிகம்’ என்று இந்த ஊருக்குச் சிவப்புப் பொட்டு வைத்துவிட்டான், அதைப் பார்த்து நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டீர்கள். எல்லாம் பெரிதுபடுத்துகிறார்கள். கடைக்காரர்கள் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு சின்னத் துவாரம் வழியாகச் சாமான் தருகிறார்கள். முண்டியடிப்பதே கிடையாது, வங்கி மாதிரி ஒழுங்கு. தெருவில் ஒருத்தர்கூடப் போனை நோண்டிக்கொண்டு நடப்பதில்லை. பேச வேண்டுமென்றால் கடைக்குள் போய்ப் பேசுகிறார்கள். எவ்வளவு நல்ல பழக்கம்! நாலு மணியானால் எல்லோரும் வீட்டுக்குப் போய்க் குடும்பத்தோடு இருக்கிறார்கள். ஏழு என்று போட்டுக்கொள்ளுங்கள்.

வேலை செய்யப் போகிற இடமும் நன்றாகவே இருக்கிறது. ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே, மாடியில், மேசையை மாத வாடகைக்கு விடுகிறார்கள். பக்கத்து மேசையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் அக்கா இருக்கிறார் என்று சொன்னேனே, அவர்தான் எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தது, சிம் வாங்கிக் கொடுத்தது, நல்ல தயிர் எங்கே கிடைக்கும் என்று சொன்னது எல்லாம். இன்றைக்கு அவர் வரவில்லை. உடம்பு சரியில்லை போலிருக்கிறது. மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிட ஒரு மாதிரி இருந்தது.

சும்மா பயந்துகொண்டிருக்காமல் வந்து சேருங்கள். வாண்டுவுக்கு என் முத்தம். அத்தைக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு வீராங்கனை


சனிக்கிழமை, காலை

அன்புள்ள உங்களுக்கு,

முதல் விஷயம். நாளைக்கு வீட்டுக்காரரைப் பார்க்கப் போகாதீர்கள். வீட்டைக் காலி செய்கிறோம் என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அத்தை மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள். இதை மட்டும் படித்துவிட்டு, மீதியை வாண்டு தூங்கின பிறகு தனியாகப் படியுங்கள்.

உங்கள் பதில் வியாழக்கிழமை வந்தது. “எனக்கு இன்னும் கொஞ்சம் உதறலாத்தான் இருக்கு. ஆனா நீ பாத்துட்டு சொல்ற. உன்னை நம்பறேன்” என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை நான் எழுதினது பொய். இணையம், தண்ணீர், வீடு எல்லாம் உண்மை. பன்னிரண்டாவது பொய். அந்த அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றதும் பொய்.

இங்கே வந்த அன்றைக்கே கீழ்வீட்டு அம்மா என் கையில் ஒரு பழைய போனைத் திணித்தார். திரையில் கீறல், சார்ஜ் நிற்காது. “இது பேசறதுக்கு இல்லம்மா, குடுக்கறதுக்கு” என்றார். தெருவில் யாராவது மறித்தால் பேசாமல் எடுத்து நீட்டிவிட வேண்டுமாம். இந்த ஊரில் ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். நானும் மூன்று வாரமாகப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறேன். உங்களிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் மறுபடியும் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள் என்று விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் நானே சமாளித்துக்கொள்ளலாம் என்ற திமிர்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணி. நல்ல வெயில், ரொட்டி வாசனை மாடி வரைக்கும் வந்துகொண்டிருந்தது. அறையில் நானும் அந்த அக்காவும் மட்டும்தான். மற்றவர்கள் மதியத்துக்கு மேல்தான் வருவார்கள். அக்கா லேப்டாப்பை மூடிப் பையில் வைத்து, பையை என் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, “கொஞ்சம் பாத்துக்கோ, முகம் கழுவிட்டு வந்துடறேன்” என்று போனார்.

எங்களை மாதிரி ஊர் ஊராக உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாது, நீங்கள் வீட்டை விட்டு நகர்ந்ததில்லை. எந்த ஊராக இருந்தாலும், முன்பின் தெரியாதவராக இருந்தாலும், பக்கத்து மேசைக்காரரிடம் ‘கொஞ்சம் பாத்துக்கோங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்து போவோம். சொன்னவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, கேட்டவரும் அந்த இடத்தை விட்டு அசைவதில்லை. பேர்கூடத் தெரியாத எத்தனையோ பேர் என் பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தர்கூட என்னை ஏமாற்றியதில்லை.

அக்கா போய் ஒரு நிமிடம் ஆகியிருக்காது. கீழே ரொட்டிக் கடைக்குச் சாமான் இறக்குகிறார்கள் என்று படிக்கட்டுக் கம்பிக் கதவைத் திறந்து போட்டிருந்தார்கள். அந்த வழியாக இரண்டு பேர் ஏறி வந்தார்கள். ஒருவன் வாசலிலேயே நின்றுகொண்டான். இன்னொருவன், தலையில் ஹெல்மெட், கையில் சின்னக் கத்தி, நேராக என் முன்னால் வந்தான். கத்தவில்லை, மிரட்டவில்லை. “பையை எடு” என்றான், அவ்வளவுதான். அந்தக் ‘குடுக்கிற’ போனை எடுத்து நீட்டினேன். அதை வாங்கிக்கூடப் பார்க்காமல் மறுபடியும் “பையை எடு” என்றான்.

என் பை மேசைக்கு அடியில், என் காலுக்கு நடுவில் இருந்தது. அக்காவின் பை நாற்காலியில். நான் அந்த நாற்காலிப் பையை எடுத்துக் கொடுத்தேன்.

அவசரத்தில் கை மாறிவிட்டது என்று உங்களிடம் சொல்லலாம், நீங்கள் நம்புவீர்கள். கை மாறவில்லை. எது யாருடையது என்று நன்றாகத் தெரிந்துதான் கொடுத்தேன். அவன் கேட்டது ஒரு பை. எதைக் கொடுத்திருந்தாலும் வாங்கிக்கொண்டு போயிருப்பான். காலால் என் பையை இன்னும் உள்ளே தள்ளினேன். அதுவும் நினைவிருக்கிறது.

உயிர்ப் பயம் என்றால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். எனக்கு அந்த நேரத்தில் வந்த நினைப்பு வேறு. என் லேப்டாப் போனால் உங்களிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்பீர்கள். மூன்று அறை வீடு போய்விடும், நான் தோற்றுப்போவேன். கத்திக்கு முன்னால் நின்றுகொண்டு இதைத்தான் நினைத்தேன். எவ்வளவு கேவலமான பெண்டாட்டி வாய்த்திருக்கிறாள் பாருங்கள் உங்களுக்கு.

அக்கா முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தார். நாற்காலியைப் பார்த்தார். அப்புறம் பையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் என்னைக் கட்டிக்கொண்டு, “உனக்கு ஒண்ணும் ஆகலையே? போனது போகட்டும், உனக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். கீழே போய்ச் சர்க்கரை போட்ட டீ வாங்கி வந்து என்னைக் குடிக்க வைத்தார். நான் குடித்தேன். போலீஸ்காரர் வந்து கேட்டபோதும் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை. “பாவம், பயந்துட்டா, விட்டுடுங்க” என்று எனக்காகப் பரிந்து பேசியவரும் அவர்தான்.

அந்த லேப்டாப்பில் எட்டு மாத வேலை இருந்தது. நர்ஸுகளுக்கான பெரிய பாடப்புத்தகம் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அச்சாகும் வரை இணையத்தில் எங்கும் ஏற்றி வைக்கக் கூடாது என்று பதிப்பகத்தில் கண்டிப்பாம். பிரதி ஒன்று பென்டிரைவில் வைத்திருந்தார். அதுவும் அதே பையில். பதிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது முதல் மூன்று அத்தியாயம் மட்டும்தான். மறுநாள் அவர் வராததற்குக் காரணம் இதுதான். அவர் வீட்டில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில், நான் இங்கே அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்கு ஏழு மதிப்பெண் எழுதிக்கொண்டிருந்தேன்.

உங்களைப் பயந்தாங்கொள்ளி என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். என் அண்ணன் வீட்டில், எல்லோர் முன்னாலும்கூட. அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். நேற்று முழுக்க அதுதான் கண்ணுக்குள் நின்றது. உங்களிடம் யாராவது ஒரு பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தால், கை கால் உதறியபடியே அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். இதை முகஸ்துதிக்காக எழுதவில்லை.

நேற்று அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். வாசலில் நின்றபடியே சொன்னேன், உள்ளே போய் உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். அவர் அழவில்லை, திட்டவில்லை. “உன்னுது எங்க இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டார். காலடியில் என்றேன். தலையை ஆட்டினார். அப்புறம் சொன்னார்: “உன் இடத்துல நான் இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியல. தெரியும்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா இனிமே உன் பக்கத்துல உக்காந்து என்னால வேலை செய்ய முடியாது.”

என் லேப்டாப்பை நீட்டினேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன், ‘ஐயோ பரவாயில்லை, நீ வெச்சுக்கோ’ என்று சொல்லிவிடுவார் என்று ஒரு அற்ப ஆசையும் உள்ளே இருந்தது. அவர் வாங்கிக்கொண்டார். நாலாவது அத்தியாயத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டுமே, அவருக்கும் வேறு வழியில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். இதைப் போனில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் ஆபீஸில் இரண்டு வாரம் விடுப்புக் கேட்டிருக்கிறேன்.

கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதில் இதுதான். தனி ஆள், ஊர் பழகினவர், எப்போது எந்தத் தெருவில் போகக்கூடாது என்று தெரிந்தவர் என்றால் இங்கே இருந்து வேலை செய்யலாம். நிறையப் பேர் நிம்மதியாகவே இருக்கிறார்கள். வாண்டுவைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு நடக்க முடியுமா என்றால், முடியாது. அத்தை சாயங்காலம் காலாற நடக்க முடியுமா என்றால், முடியாது. பன்னிரண்டாவதுக்கு இரண்டு. இதுவும் பகலுக்கு மட்டும்தான்.

ஊரைப் பற்றி எழுதிவிட்டேன். என்னைப் பற்றியும் எழுதிவிட்டேன். இதைப் படித்த பிறகு நான் சொல்கிற எதையும் நீங்கள் எப்படி நம்புவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நம்புங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. அத்தையிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். சொன்னால் மறைக்காமல் முழுசாகச் சொல்லுங்கள், அரைகுறையாகச் சொல்லி என்னைக் காப்பாற்ற வேண்டாம். வாண்டுவிடம் மட்டும் அம்மாவுக்கு வேலை இருக்கிறது என்று சொல்லுங்கள். அவள் நன்றாக இருக்கட்டும். உங்கள் குணம் அவளுக்கு வரட்டும்.

வியாழக்கிழமை ஊருக்கு விமானம் இருக்கிறது. இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. காசு ஒரு தடை இல்லை, எடுக்கக் கை வரவில்லை. ஆற அமர யோசித்து எழுதுங்கள், அவசரமில்லை. கோபம் இருந்தால் அதையும் எழுதுங்கள். ஆனால் கடைசியில், எவ்வளவு கோபமாக இருந்தாலும், ‘வா’ என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கிறேன்.

இப்படிக்கு,
வாண்டுவின் அம்மா