பிட்ஸ்பர்க் போகிற வழியில்

1997 ஏப்ரல் 5, சனி. மான்மவுத் ஜங்ஷன், நியூ ஜெர்சி

தொடர்ந்து மூன்றாவது சனிக்கிழமையாக யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள். இன்றைக்கு அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில். பீட்சா, ரவா கேசரி, நீல நிறத்தில் ஒரு கேக். வீட்டுக்கு வந்து பார்த்தால் நாக்கு இன்னும் நீலமாகவே இருக்கிறது.

நாகலக்ஷ்மி ஆன்ட்டி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் முன்னால் அமெரிக்கா வந்தவர் என்பதால் எல்லோர் வீட்டு விஷயத்திலும் அவருக்குப் பாத்தியதை உண்டு. "என்னடிம்மா அனந்தூ, ஏதாவது விசேஷம் உண்டா? கல்யாணமாகி ஃபைவ் இயர்ஸ் ஆயிடுத்தோல்லியோ?" ஏழு என்று திருத்தினேன். எதற்குத் திருத்தினேன்? ஐந்தாகவே இருந்துவிட்டுப் போயிருக்கலாம்.

காரில் வரும்போது இவர், "அடுத்த வாரம் யாராத்துல?" என்றார்.

"யாரோ. ட்வின்ஸ்."

"ஊர்ல இருக்க மாட்டோம்னு சொல்லிடேன்."

"ஊர்ல இல்லாம எங்க இருக்கப் போறோம்?"

இவருடைய ஆபீசில் ஒருவன் சொன்னானாம், அட்லாண்டிக் சிட்டிக்குப் பக்கத்தில் கடற்கரையில் மரத்தால் கட்டிய ஒரு யானை நிற்கிறது, ஆறு மாடி உயரம், உள்ளே ஏறிப் போகலாம் என்று. யானைக்குள் ஏறி என்ன செய்வது? கேட்டேன். அது தெரியவில்லையே என்றார். எனக்கும் தெரியாமல் இருக்க முடியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஏறியாயிற்று! பின்னங்காலில் ஒரு கதவு. அதற்குள் சுழல் படிக்கட்டு. மேலே போனால் வயிறு, ஒரு பெரிய ஹால் மாதிரி. கண்கள் இரண்டும் ஜன்னல்கள். முதுகில் அம்பாரி, அங்கிருந்து பார்த்தால் சமுத்திரம். நூறு வருஷத்துக்கு முன்னால் மனை விற்கிற ஒருவர் விளம்பரத்துக்காகக் கட்டினாராம். தாம்பரத்துக்கு அப்பால் பிளாட் விற்கிறவர்கள் வேன் வைத்துக் கூட்டிப்போய் சாம்பார் சாதம் போடுவதோடு சரி. இந்த மனுஷர் யானை கட்டியிருக்கிறார்.

பிறகு ஒரு குடும்பம் இதில் குடியிருந்ததாம். தோள்பட்டையில் குளியலறை! சமையல் எங்கே, தாளித்தால் புகை எங்கே போகும், தும்பிக்கை வழியாகவா? கைடு பெண்ணிடம் கேட்கச் சொல்லி இவரை இடித்தேன். கேட்க மாட்டேன் என்றார். நானே கேட்டேன். தன்னை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று அவள் சிரித்தாள்.

பெயர் லூசி. ஆனால் நீளமாகத் தந்தம் வைத்திருக்கிறார்கள். கோயில் யானைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது பொறுக்கவில்லை. "ஒரு பொம்மனாட்டி யானைக்குத் தந்தம் எப்படி?" என்று திரும்பி வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். "அமெரிக்கால எல்லாம் ஈக்வல்" என்றார் இவர். எத்தனை மாதம் ஆயிற்று இப்படிச் சிரித்து.

ஏப்ரல் 22, செவ்வாய்

இந்த மாதமும் இல்லை. மாத்திரை, ஊசியெல்லாம் போதும், அடுத்தது டெஸ்ட் ட்யூப்தான் என்கிறார் டாக்டர். யோசித்துச் சொல்லச் சொன்னார். யோசிப்பதைத் தவிர எனக்கு வேறு என்ன வேலை.

மே 18, ஞாயிறு

மாம்பலத்திலிருந்து மாமியார் போன். அந்த டெஸ்ட் ட்யூப் எல்லாம் ஆரம்பிப்பதற்கு முன்னால் பிட்ஸ்பர்க் பெருமாளிடம் நேரில் போய் ஒரு அர்ச்சனை பண்ணிவிட வேண்டுமாம், வேண்டிக்கொண்டிருக்கிறாராம். அமெரிக்காவில் இருக்கிற பெருமாளுக்கு மாம்பலத்தில் வேண்டுதல். வருகிற வெள்ளி ராத்திரி முதல் லாங் வீக்கெண்ட் என்பதால் இவரும் சரி என்றுவிட்டார்.

எனக்கும் போக வேண்டும் என்றுதான் இருந்தது. சும்மா பூசி மெழுகுவானேன், ஆசையாகவே இருந்தது.

விஷயம் எப்படியோ ஆன்ட்டி காதுக்கு எட்டி, மதியமே போன். "எங்க விஷாகா பேருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணிடு அனந்தூ. கலிபோர்னியால, பிளசன்டன்ல இருக்காளோல்லியோ, அவளுக்கும் ஃபோர் இயர்ஸா ஒண்ணும் தங்கலை. நான் புதன்கிழமை அவகிட்டப் போறேன். பிரசாதம் புளியோதரை பார்சல் கட்டிண்டு வந்துடு, மறந்துடாதே." ஆன்ட்டியின் பெண்ணுக்கும் என் கதைதானா? என்னிடம் கேட்கும்போதெல்லாம் மனதில் அவளைத்தான் வைத்துக்கொண்டு கேட்டிருப்பார் போலிருக்கிறது. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை இத்தனை நாளும்.

மே 24, சனி. பெட்ஃபோர்ட், பென்சில்வேனியா

நேராகப் போயிருந்தால் இதற்குள் கோயில் வாசலில் இருப்போம். ஆனால் யார்க் பக்கத்தில் ஷூ மாதிரியே ஒரு வீடு இருப்பதாக இவர் படித்து வைத்திருந்தார். அதைப் பார்க்காமல் எப்படிப் போவது?

உண்மையிலேயே ஷூ. ஒரு செருப்பு வியாபாரி கட்டியது. வாசலுக்குப் போனதும் நாங்கள் இரண்டு பேரும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றோம். சுற்றிக் காட்டுகிற அம்மாள் எங்கள் காலைப் பார்த்தாள், வெளியே கிடந்ததைப் பார்த்தாள். "ஹனி, இதுவே ஷூதான்" என்றாள். அப்போதுதான் உறைத்தது. ஷூவுக்குள் போக ஷூவைக் கழற்றிய முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம். அப்படியும் திரும்பப் போட்டுக்கொள்ள மனசு வரவில்லை, வீடு வீடுதானே. வெறுங்காலோடேயே சுற்றிப் பார்த்தோம்.

ஊரில் புது வீட்டில் கண் படாமலிருக்க ஒற்றைச் செருப்பைத்தான் கட்டுவார்கள். இங்கே செருப்பே வீடு, யார் கண்ணும் படாது என்றேன். அதை இங்கிலீஷில் அந்த அம்மாளுக்குச் சொல்லச் சொன்னார் இவர். சொன்னேன். அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

நாளைக் காலை தலைக்குக் குளித்துவிட்டுக் கிளம்பினால் பத்து மணிக்கெல்லாம் தரிசனம். பட்டுப் புடவையை மடிப்புக் கலையாமல் கொண்டு வந்திருக்கிறேன்.

மே 25, ஞாயிறு. அதே மோட்டல்

காலையில் வந்துவிட்டது.

நாள் தள்ளியிருந்தது. இவரிடமும் சொல்லவில்லை, இதிலும் எழுதவில்லை. எழுதினால் கலைந்துவிடும் என்று ஒரு பயம். வேண்டிக்கொள்ளப் போகிற இடத்தில் நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்றுகூட நினைத்துவிட்டேன். எவ்வளவு அசடு நான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்து வந்திருக்கக் கூடாதா? கோயில் வாசல் வரைக்கும் வரவழைச்சு இப்படியா பண்ணுவா ஒருத்தரை?

இந்த நிலையில் கோயிலுக்குள் போக முடியாது. "நீங்க மட்டும் போய்ப் பண்ணிட்டு வாங்கோ, நான் கார்ல இருக்கேன்" என்றேன். கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸைப் போட்டபடி இவர் சொன்னது: "நீ பார்க்கிங் லாட்ல உக்காந்திருக்க, நான் உள்ள போய் என்னன்னு கேக்கறது?"

கொஞ்ச நேரம் அழுதேன். இவர் டி.வி.யைப் போட்டார், அணைத்தார். பிறகு, "இந்த ஊர்ல காபி பாட் மாதிரி ஒரு பில்டிங் இருக்காம். அதுக்கு எப்ப வேணா போகலாம்" என்றார்.

போனோம். சாலையோரத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் ஒரு காபி கூஜா, மூக்கும் பிடியுமாக. பூட்டிக் கிடக்கிறது, பெயின்ட் உரிந்துவிட்டது. ஒருகாலத்தில் உள்ளே ஹோட்டல் நடந்ததாம். டிகாக்‌ஷன் இறங்குகிற இடம் எங்கே என்று இரண்டு சுற்று சுற்றி வந்து தேடினேன். முகம் வீங்கியிருந்தது, ஆனாலும் தேடினேன். எனக்கே ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

மே 26, திங்கள்

வீட்டுக்குத் திரும்பும்போது பாதி வழியில்தான் புளியோதரை ஞாபகம் வந்தது. ஆன்ட்டியிடம் கோயிலுக்குப் போகவில்லை என்றால் ஏன் என்பார். ஏன் என்று சொன்னால் இந்த மாதமும் இல்லை என்று நியூ ஜெர்சி பூராவும் தெரியும்.

ஆகவே பிரசாதம் வீட்டிலேயே தயார். இவ்வளவு பெரிய பொய்க்குத் துணிந்த எனக்கு, வீட்டு விலக்கான நேரத்தில் பிரசாதத்தைத் தொட மட்டும் கை வரவில்லை. ஹாலில் சோபாவில் உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல இவர் கிண்டினார். நஞ்சுண்டன் அவர்கள் வாழ்க்கையில் முதல் புளிக்காய்ச்சல். பெருங்காயத்தை ஒரு ஸ்பூன் என்றால் குழிக்கரண்டியால் போட்டுவிட்டார். வீடே மணக்கிறது, நாற்றம் என்றும் சொல்லலாம்.

மாமியார் போனில் கேட்டதற்கு, "தரிசனம் நன்னா ஆச்சும்மா" என்றார் இவர், சீலிங்கைப் பார்த்துக்கொண்டே.

மே 27, செவ்வாய்

ஆன்ட்டி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். "ஆத்துல என்னதான் பண்ணினாலும் இந்த மடப்பள்ளி வாசனை வராதுடி." இவர் வாசலில் ஷூ லேஸ் கட்டுவதுபோல் வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விஷாகாவுக்கு மூன்று மாதமாம்.

ஆன்ட்டி போனிலேயே அழுதுவிட்டார். "தினம் ஒரு வாய் சாப்பிட்டாடி. பிட்ஸ்பர்க் பெருமாள் கண்ணைத் தொறந்துட்டார். உன் கையால வாங்கிண்டு வந்த பிரசாதம் அனந்தூ! அடுத்தது நீதான், பாரேன்."

இவரிடம் சொன்னேன். இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். "என் கை ராசியைப் பாத்தியா" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது, எனக்கும்.

பாத்திரத்தில் மீந்ததை நானும்தானே சாப்பிட்டேன்? வழிச்சு வழிச்சு சாப்பிட்டேனே. அவளுக்குப் பலிக்குமாம், எனக்குப் பலிக்காதாம். யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. விஷாகா மேல் இல்லை, அவள் நன்றாக இருக்கட்டும். பெருமாளைக் கேட்கலாம் என்றால், அவர் பக்கமே நாங்கள் போகவில்லையே.

"ஒரு தடவை அந்த ட்ரீட்மென்ட் பண்ணிப் பாத்துடலாமா?" என்றார். சரி என்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

ஊசி, ஸ்கேன், ஊசி. எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

இவருக்கு டெக்சஸில், இர்விங்கில் புது பிராஜெக்ட். இரண்டாயிரத்தில் கம்ப்யூட்டர்களெல்லாம் தேதி குழம்பிப் படுத்துவிடுமாம், அதைத் தடுக்கப் போகிறார். டாக்டரிடம் சொன்னதும் அங்கே இருக்கிற ஒரு க்ளினிக்கின் பெயரைத் தந்தார். ஜனவரியிலேயே அடுத்ததை ஆரம்பித்துவிடலாமாம். இவர் அந்தச் சீட்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டார். போன் பண்ணுவாரா என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 27, சனி. டென்னசியில் எங்கோ

சாமான்கள் லாரியில் போகின்றன, நாங்கள் காரில். வழியில் பழைய மாட்டுக் கொட்டகை ஒன்றின் கூரை முழுக்க வெள்ளை எழுத்து: ராக் சிட்டியைப் பாருங்கள். கொஞ்ச தூரத்தில் இன்னொரு கூரை. அப்புறம் இன்னொன்று. என்ன அது ராக் சிட்டி? கொட்டகைக்காரர் ஒவ்வொருவரிடமும் போய்ச் சம்மதம் வாங்கியிருப்பார்களா? மாடுகளுக்கு என்ன கிடைத்தது?

"ரூட் மாறும்" என்றார் இவர். "மாறட்டுமே" என்றேன்.

டிசம்பர் 28, ஞாயிறு. சட்டனூகா

ராக் சிட்டி என்றால் இதுதான்: மலை மேல் பாறைகளுக்கு நடுவே ஒரு பாதை. தாடி வைத்த குள்ளப் பொம்மைகள் அங்கங்கே நின்று சிரிக்கின்றன. ஒரு குகைக்குள் நீல வெளிச்சத்தில் கதைப் பொம்மைகள் தகதகவென்று. கண்றாவி என்று சொல்ல வேண்டும், ஆனால் யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் புருவம் வரைந்திருக்கிறார்கள். எங்கே பார்த்தாலும் குழந்தைகள், கத்தல், ஓட்டம். எனக்கு வலிக்கவில்லை என்று எழுத ஆசை. வலித்தது. ஆனாலும் ஒரு பொம்மை விடாமல் பார்த்தேன்.

உச்சியில் நின்றால் ஏழு மாநிலம் தெரியுமாம். கொடிகள் வரிசையாக நட்டிருக்கிறார்கள். நாங்கள் போனபோது ஒரே பனிமூட்டம். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. ஒரு குடும்பம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு வைதுகொண்டே திரும்பிப் போனது. இவர் மட்டும் கொடிகளைப் பார்த்து, அது அலபாமா, இது கரோலினா என்று வெறும் வெள்ளையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சொன்னேன். முன்கூட்டி யோசித்து வைத்ததில்லை. "அந்த க்ளினிக்குக்கு போன் பண்ண வேண்டாம்."

இவர் கை அப்படியே நின்றது.

"எனக்கு முடியலை. உடம்புக்குன்னு இல்லை. மாசா மாசம் காத்துண்டு இருக்கறது முடியலை. உங்களுக்குக் கோபமா?"

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பனி படிந்ததா, வேறா என்று நான் பார்க்கவில்லை. "எனக்கு மார்ச்லேயே போறும்னு ஆயிடுத்து" என்றார். "நான் சொன்னா, உன்னால ஆகலைன்னு நான் நெனைக்கற மாதிரி ஆயிடுமேன்னு..."

மார்ச்சிலேயே! அப்படியென்றால் ஆகஸ்டில் கேட்டது எனக்காக. நான் சரி என்றது அவருக்காக. ரெண்டு பேரும் சேர்ந்து யாருக்காக அத்தனை ஊசி போட்டோம்? கோபம் வந்தது, அழுகையும். கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும்தான். நல்லவேளை, மூட்டத்தில் யாரும் இல்லை.

பிறகு இறங்கி வந்து சாப்பிட்டோம். நல்ல பசி.

1998 ஜனவரி 2, வெள்ளி. இர்விங்

அபார்ட்மென்ட் பார்க்கப் போனோம். லீசிங் ஆபீசில் இருந்த பெண் எத்தனை பேர் இருப்பீர்கள் என்று கேட்டாள். அமெரிக்கா வந்த நாள் முதல் இந்தக் கேள்வி எங்கே வந்தாலும், பல் டாக்டர் ஆபீசில்கூட, இவர் சொல்வது "டூ, ஃபார் நௌ". இன்றைக்கு "டூ" என்றார்.

அந்தப் பெண் பேனாவை வைத்துக்கொண்டு இன்னும் ஏதோ வரும் என்பதுபோல எங்களைப் பார்த்தாள். இவர் என்னைப் பார்த்தார்.

"ஜஸ்ட் டூ" என்றேன் நான்.

எழுதிக்கொண்டாள். இரண்டாவது மாடியில், காலை வெயில் வருகிற பக்கமாக ஒரு பெட்ரூம் வீடு எடுத்திருக்கிறோம்.