பால் போறலைன்னு நினைச்சோம்

19 ஜூலை 1998, ஞாயிறு. வலியசாலை.

குழந்தை இப்போதான் தூங்கினான். எனக்குத் தூக்கம் வரலை.

பிரசவத்துக்கு அம்மாகிட்ட வந்து, இவன் பொறந்ததுலேர்ந்து இதே கதைதான். மார்ல வாயை வெச்ச கொஞ்ச நேரத்துல இருமறான், முகத்தைத் திருப்பிண்டு வீல்னு கத்தறான். "பால் போறலைடி, அதான் அழறான்"னு அம்மா தினமும் வெந்தயத்தைப் போட்டு உலுவாக் கஞ்சி வெச்சுக் குடுத்தா. பூண்டு வாசனையே ஆகாதவ, பால் ஊறட்டும்னு எனக்காகப் பூண்டும் வதக்கினா.

இன்னிக்குச் சாயங்காலமும் கத்தினான். எனக்கு வெறுத்துப் போச்சு. "என்னைப் பிடிக்கலைன்னா போடா"ன்னு பாயில விட்டுட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்னேன். அழற சத்தம் அங்கேயும் கேட்டது.

லீவுன்னு வந்திருந்த இவர்தான் அவனைத் தூக்கிண்டு வந்து என் மடியில போட்டார். மறுபடி குடுத்தேன். அவன் இருமிண்டே வாயை எடுத்ததும், பக்கத்துல இருந்த இவர் மூக்குக்கண்ணாடியில பால் பீச்சி அடிச்சுது.

"இதுவா போறலை? இந்த வேகத்துல வந்தா அவன் எப்படி முழுங்குவான்?"ன்னார், கண்ணாடியைத் துடைச்சுண்டே.

தோர்த்துத் துண்டை மடிச்சு வெச்சு, முதல்ல வேகமா வர பாலை அதுல விட்டேன். அப்பறம் சாஞ்சுண்டு அவனை மேல போட்டுண்டேன். சத்தமே இல்லாம குடிச்சான். அவனைப் போய்ப் போடான்னேனே.

அம்மா நாளைக்கும் வெந்தயம் ஊறப் போட்டிருக்கா. அதுவும் சேர்ந்துதான் அவனுக்கு மூச்சு முட்டித்துன்னு அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்? காலம்பற கிண்ணத்தை நீட்டினா, குடிச்சுடுவேனோ என்னவோ.