பேர் வாயில் நுழையாத லேப்டாப்

பாவா,

இன்று காலை என் கடை வாசலில் ஒரு புது பைக்குக்குப் பூஜை போட்டார்கள். நகரிப் பக்கத்துப் புருஷன் பெண்சாதி. திருத்தணி மலைக்குப் போய்விட்டு இறங்கி வந்து, கடை நிழலில் வண்டியை நிறுத்தி, குழைத்த சந்தனத்தை டேங்கில் வைத்தார்கள், ஹெட்லைட்டில் வைத்தார்கள். அந்தம்மா குனிந்து எஞ்சினில் அப்பப் போனபோது நான் ஜெராக்ஸை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன். "அங்க வேணாம்மா, சூடு ஏறுற எடம்!" என்று தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம் கத்தினேன். அந்த ஆள் சிரித்தார். "ஏம் காது அன்னா", ஒன்றும் ஆகாது என்று சொல்லி அவரே இன்னும் கொஞ்சம் எடுத்துப் பூசிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். ஈரச் சந்தன வாசனை மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. மத்தியானம் வரை போகவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எழுத்து எனக்கு எவ்வளவு வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஊரில் பத்தாவது பாஸ் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கனகம்மாசத்திரத்தில் பெண் பார்க்கப் போனபோது பிளஸ் டூ என்றுகூட அடித்துவிட்டேன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் அக்காவைக் கட்டிக்கொண்டு அரக்கோணம் ரயில் எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டராக இருந்த தொண்ணூறுகளில் நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் எஸ்.டி.டி. பூத் போட்டேன். பிறகு ஜெராக்ஸ், பிறகு கல்யாணப் பத்திரிகை அடிக்க ஒரு கம்ப்யூட்டர். திருத்தணியிலேயே முதல் கம்ப்யூட்டர் என்னுடையது என்று எல்லோரிடமும் சொல்வேன். தாலுகா ஆபீசில் அதற்கு முன்பே இருந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆனாலும் டிபன் கேரியரைத் துடைத்துக்கொண்டே, "ஆங், அப்புறம்?" என்பீர்கள். நான் விடும் கதைகளைப் பாதியில் நிறுத்தாமல் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

ஹேமாவுக்குக் கோயம்புத்தூர் யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? கம்ப்யூட்டரில் உருவம் செய்து அதை நடக்க வைக்கிற படிப்பு. நம் வம்சத்தில் யாரும் கேள்விப்படாதது. உங்கள் மகள் கூடத்தின் நடுவில் நின்று சொன்னாள்: "சாதா லேப்டாப்புல அது ஓடாது நைனா. கேம் ஆடுற லேப்டாப் வேணும். அதுலதான் தனியா கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும்."

"நீ படிக்கப் போறியா, ஆடப் போறியா?" என்று அக்கா கேட்டாள்.

"ரெண்டும்தாம்மா."

நீங்கள் சிரித்தீர்கள். "ஒளிக்காம சொல்லிட்டா பாரு. வாங்கிக் குடுத்துட வேண்டியதுதான்" என்றீர்கள்.

மூன்று பேரும் காலை ரயிலில் சென்னைக்குப் போனோம். ரிச்சி தெருவில் என்னைத் தெரியாத கடைக்காரன் கிடையாது என்று திருவள்ளூர் வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தேன். அங்கே போய் இறங்கியதும் எந்தச் சந்தில் நுழைவது என்று டீக்கடையில் விசாரித்தேன். நீங்கள் மூன்று டீ சொன்னீர்கள்.

மாடிக் கடை ஒன்றில் இரண்டு லேப்டாப்பை எடுத்து வைத்தார்கள். ஒன்று ஊரெல்லாம் விளம்பரம் வருகிற கம்பெனி, வெள்ளி நிறம், ஒல்லி. இன்னொன்று கறுப்பு, செங்கல் போல் கனம். யாரோ சின்னக் கம்பெனிக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து வெறும் கூட்டை வரவழைத்து, இங்கே சாமான் பூட்டி, தங்கள் பேரை ஒட்டி விற்றது. அந்தப் பேரைக் கடைக்காரரே இரண்டு விதமாகச் சொன்னார்.

"பேரே வாயில நுழையல. விளம்பரத்துல வராத சாமான வாங்கினா அப்புறம் யார்கிட்ட போயி கேக்கறது பாவா?" என்றேன். கடையில் இருந்த பத்துப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பத்து இல்லை, மூன்று பேர். உங்களிடம் இனிமேல் கூட்டிச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

நீங்கள் இரண்டிலும் ஒரே கேமைப் போட்டு ஓட விடச் சொன்னீர்கள். கடைக்காரர் சலித்துக்கொண்டு, "ரெண்டும் நல்லாத்தான் சார் ஓடும்" என்றார். "ஓடும். ஓடி முடிச்சா எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்றீர்கள். அரைமணி நேரம் நின்றீர்கள். பிறகு ஷெட்டில் பேரிங் சூட்டைப் பார்க்கிற மாதிரி, புறங்கையை இரண்டின் ஓரத்திலும் வைத்தீர்கள். கறுப்பைத் தூக்கித் திருப்பினீர்கள். அடியில் ஜல்லடை போல் ஓட்டைகள், அதற்குப் பின்னால் இரண்டு சின்ன ஃபேன்கள்.

"இது மூச்சு வுடுது மச்சான். அது மூக்க மூடிகினு ஓடுது. நாலு ஸ்க்ரூ கழட்டுனா ஃபேன் கைக்கு வந்துடும், நானே தொடச்சிக் குடுப்பேன்."

ஹேமா என்னைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்த்தாள். "இதையே எடுத்துக்கலாம் நைனா" என்றாள். திரும்பி வரும்போது ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எதிர் சீட்டில் இருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம், "எங்க நைனா செலக்ஷன்" என்று சொன்னாள். குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். உங்களுக்கு அது தெரிந்திருக்கும். இறங்கும்போது, "மச்சான், இதுல தமிழ் எழுத்து நீதான் போட்டுக் குடுக்கணும்" என்றீர்கள். அதுவும் எனக்குப் போதவில்லை.

அவள் கோயம்புத்தூருக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் நீங்கள் ஷிப்டில் இருந்தீர்கள். ஹேமா சிநேகிதிகளிடம் சொல்லிக்கொள்ளப் போயிருந்தாள். "சாமிகிட்ட வெச்சி எடுத்துகினு வரேன்" என்று லேப்டாப்பை நான் தூக்கிக்கொண்டு போனேன். அக்காவுக்குச் சந்தோஷம். முன்னூற்று அறுபத்தைந்து படியும் ஒரே மூச்சில் ஏறினேன் என்று பிறகு சொன்னேன். ஆட்டோவில்தான் போனேன்.

குருக்கள் மூடியின்மேல் கற்பூரத்தைக் காட்டி, ஒரு பூவை வைத்துக் கொடுத்தார். இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு. சாமிக்குச் சாத்திய சந்தனத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் நோய் போகும் என்று நம் ஊரில் நம்புகிறோமே, அதை ஒரு கிண்ணியில் வாங்கினேன். மேலே பூசினால் ஹேமா திட்டுவாள். அதனால் கவிழ்த்து வைத்து, அடியில் இருந்த ஜல்லடையில் மூன்று விரலால் பட்டையாக இழுத்தேன். இரண்டு ஃபேனுக்கும் பாரபட்சம் இல்லாமல். மேலே விபூதியும் தூவினேன். வெயிலில் காயவைத்து, வெளியே தெரிந்ததைத் துண்டால் துடைத்தேன். உள்ளே போனது உள்ளேயே இருந்துவிட்டது. ஆயுத பூஜையன்று உங்கள் ஷெட்டில் எஞ்சினுக்குச் சந்தனம் வைப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எங்கே வைக்காமல் விடுகிறீர்கள் என்று ஒரு தடவையும் கவனித்ததில்லை.

கெடுக்க வேண்டும் என்று செய்யவில்லை பாவா. அந்த லேப்டாப்பில் எனக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்றுதான் செய்தேன்.

சில மாதம் ஓடியது. பிறகு ஹேமா போனில் சொல்ல ஆரம்பித்தாள்: சூடு ஏறுகிறது, தானே அணைந்துவிடுகிறது. கம்பெனி நம்பருக்கு அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் அந்த மணியும் நின்றது. கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று கடைக்காரர் சொன்னார். வருஷக் கடைசிப் ப்ராஜெக்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது லேப்டாப் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு ராத்திரி ரயிலேறி வந்தாள். வந்ததும் பையைக்கூட இறக்காமல் உங்கள்மேல் பாய்ந்தாள்.

"ரயில் எஞ்சினும் இதுவும் ஒண்ணா நைனா? மாமா அப்பவே சொன்னாரு இல்ல? தெரியாததுல நீ ஏன் தல இட்ட?"

நான் அங்கேதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். "வுடும்மா. நைனாவுக்கு இதெல்லாம் இன்னா தெரியும்" என்றேன். சொன்னபோது நாக்கு இனித்தது. அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலை காபிக்கு வந்தேன். நீங்கள் பின்வாசலில் பேப்பரை விரித்து அந்த லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்திருந்தீர்கள். நான்கு ஸ்க்ரூ கழன்று தனியாகக் கிடந்தது. ஃபேன் இரண்டும் மஞ்சளாக, காய்ந்து, கட்டி தட்டியிருந்தன. ஒரு துணுக்கை நகத்தால் எடுத்து முகர்ந்தீர்கள். நான் கதவருகில் நின்றதைப் பார்த்தீர்கள். அடுப்படியில் ஹேமாவும் அக்காவும் பேசிக்கொண்டிருந்தது நம் இரண்டு பேருக்கும் கேட்டது.

"இன்னா பாவா, தூசியா?" என்றேன்.

நகத்தில் இருந்ததைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "ஆங்" என்றீர்கள். "தூசிதான்."

பழைய டூத் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் பேப்பரில் தட்டி, ஒரு பொட்டு சிந்தாமல் மடித்து, செம்பருத்திச் செடியின் வேரில் கொட்டினீர்கள். விரலில் ஒட்டியிருந்ததைக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். தூசியை யாரும் கண்ணில் ஒற்றிக்கொள்வதில்லை பாவா. அப்புறம் உள்ளே போய், "போர்டு போயிடுச்சிம்மா. நான்தான் சரியா பாக்காம வாங்கிட்டேன்" என்று மகளிடம் சொன்னீர்கள்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று இன்றுவரை தெரியாது. மச்சான் முகம் வாடக்கூடாது என்றா? சாமி சந்தனத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம் என்றா? அக்கா வீட்டில் சண்டை வேண்டாம் என்றா? நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள். நான் கேட்கவில்லை.

ஹேமா, கூடப் படித்தவர்களின் லேப்டாப்பை அவர்கள் தூங்குகிற நேரத்தில் இரவல் வாங்கி எப்படியோ ப்ராஜெக்டை முடித்தாள். மார்க் இறங்கியது. அதைவிட, உங்களிடம் எதையும் கேட்பதை நிறுத்தினாள். எந்த போன் வாங்கலாம், ஹாஸ்டலா ரூமா, பெங்களூரில் கிடைத்த வேலைக்குப் போகலாமா, எல்லாம் மாமாவைத்தான் கேட்டாள். உங்கள் வீட்டுக் கூடத்தில், உங்கள் முன்னாலேயே, போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் முடிவு சொல்வேன். ஒருநாள் பெங்களூர் ரூமுக்கு ஃபிரிட்ஜ் வாங்கப் போவதாகச் சொன்னாள். எந்தக் கம்பெனி நல்லது என்று நான் அளந்துகொண்டிருந்தேன். நீங்கள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், மெதுவாக, "பின்னால காத்து போறதுக்கு ஒரு சாண் எடம் வுடச் சொல்லு" என்றீர்கள். அதை என் யோசனையாக அவளிடம் சொன்னேன். "சூப்பர் மாமா!" என்று அவள் கத்தியது உங்களுக்கும் கேட்டிருக்கும். நீங்கள் பக்கத்தைத் திருப்பினீர்கள்.

எந்த விசேஷத்துக்குப் போனாலும், பாவா பேர் வாயில் நுழையாத லேப்டாப் வாங்கிய கதையை எடுத்துவிடுவேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வளர்ந்தது. முதலில் புகை வந்தது, பிறகு நெருப்பு வந்தது, கடைசியில் ஹாஸ்டலுக்கே ஃபயர் இன்ஜின் வந்துவிட்டது. பந்தியில் எல்லோரும் சிரிப்பார்கள். நீங்களும் இலையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பீர்கள்.

அப்புறம் ஒருநாள் காலையில் நெஞ்சு வலி என்றீர்கள். சாயங்காலம் நீங்கள் இல்லை.

போன மாதம் உங்களுக்கு வருஷ திதி. பந்தி பாதியில், நம் அரக்கோணம் பெரியப்பா, "டேய், அந்த லேப்டாப் கதைய சொல்லுடா, அவன் ஞாபகமா கேப்போம்" என்றார். சாம்பார் வாளியைக் கீழே வைத்தேன். சொன்னேன். கூட்டாமல், குறைக்காமல். கிண்ணி, ஜல்லடை, மூன்று விரல், செம்பருத்தி வேர். அவர் வாங்கியது நல்ல சாமான், கெடுத்தது நான், அவருக்கு அது தெரியும் என்று சொன்னேன்.

பந்தியே தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு பெரியப்பா சத்தமாகச் சிரித்தார். "இது புதுசா கீதேடா! சாமி சந்தனத்தையே உள்ள கொண்டாந்துட்டான்!" பந்தி முழுக்கச் சிரித்தது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரு மேல அவ்ளோ பாசம். பழிய தன் தலையில போட்டுக்கறான் பாரு" என்றாள். எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் வைத்தார்கள்.

கை கழுவும் இடத்தில் ஹேமாவைப் பிடித்தேன். "மாமா சத்தியமா சொல்றேன்மா. நைனா ஏமாறல."

அவள் என் தோளில் கை வைத்தாள். "மாமா, நைனா மேல எனக்கு இப்ப கோவமே இல்ல. எல்லாரும்தான் ஏமாறுறோம். அவருக்காக நீ இப்டியெல்லாம் கட்டிச் சொல்லாத."

வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாள். என்னைத் தவிர இது தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் தூசி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பெங்களூரிலிருந்து போன் செய்கிறாள். ஒவ்வொரு தடவையும் அதை மறுபடி சொல்லிப் பார்க்கிறேன். "சரி மாமா, சரி" என்கிறாள். அப்புறம், "அம்மாவுக்கு வாஷிங் மெஷின் வாங்கணும், எது நல்லதுன்னு நீயே பாத்து சொல்லிடு" என்கிறாள். நான் பார்த்துச் சொல்கிறேன்.