காண்டசாவின் இடது முன்சக்கரம்

ஜூலை 5, ஞாயிறு

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. மேகம் வந்தது, வழக்கம்போல ஆந்திரா பக்கம் போய்விட்டது. கார் மேலிருந்த தார்ப்பாயை எடுத்து உதறினேன். ஒரு வருடத் தூசி. ஓர் ஓணான்.

கறுப்பு காண்டசா. நீள மூக்கு. இன்னும் ஜம்மென்றுதான் இருக்கிறது, வலது பக்கமிருந்து பார்த்தால். இடது முன்பக்கம் கல் அடுக்கி நிற்கிறது. உள்ளே: பழைய குடை, இரண்டு பாட்டு கேசட், சரோஜாவின் ஒற்றைச் செருப்பு. செருப்பை அங்கேயே விட்டேன்.

முடிவு: ஆடிக் கிருத்திகைக் கூட்டம் சேர்வதற்குள் முன் சஸ்பென்ஷன் முழுவதும் புதிதாக. ஸ்பிரிங், குலுக்கலை அடக்கும் ஷாக், சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம், எல்லாம். பழையபடி இல்லை, பழையதை விட நன்றாக.

காரணம் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்தோறும் சரோஜா பஸ் பிடித்துப் பொதட்டூர்பேட்டை போய்த் தன் துணிக்கடைக்கு லுங்கிக் கட்டு எடுத்து வருகிறாள். இடது மணிக்கட்டில் பிளேட். எல்லாம் வலது கையில்தான். போன வருடம் கோயில் மலையிலிருந்து இறங்கும்போது இந்தச் சக்கரம் மடங்கி, கார் கைப்பிடிச் சுவரில் மோதி, அவள் மணிக்கட்டு உடைந்தது. அன்றிலிருந்து அவள் இதில் ஏறவில்லை. ஏற மாட்டேன் என்று சொன்னதும் இல்லை. "பஸ்ஸு இருக்குதுல்ல", அவ்வளவுதான். எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை.

ஜூலை 6, திங்கள்

மூன்று பத்திரம் எழுதினேன். ஒன்றில் பாட்டனார் பெயர் தப்பு, திரும்ப எழுத வேண்டும். தாலுகா ஆபீஸ் பக்கம் நிற்க நிழல் இல்லை.

மாலை கே.ஜி.கண்டிகையிலிருந்து மெக்கானிக் முனிரத்தினம் வந்தான். அரை மணி நேரம் காருக்கு அடியில். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "சார், ஆர்ம் ரெண்டும் வளைஞ்சுகினு கீது. ரிப்பேர்லாம் வேலைக்கு ஆவாது. இன்னா போடணும்னு நீங்க முடிவு பண்ணுங்க, நான் மாட்டித் தரேன்" என்றான்.

சரோஜா டீ கொண்டுவந்தாள். அவள் நின்றிருந்தவரை அவன் போன வருடத்துப் பேச்சை எடுக்கவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தான். நான் டீயைப் பார்த்தேன்.

இதை இங்கே எழுதுகிறேன், வேறு எங்கே எழுதுவது. சக்கரம் மடங்குவதற்குப் பதினைந்து நாள் முன்னாலேயே அவன் சொன்னான். பால் ஜாயிண்ட் போய்விட்டது, அதாவது சக்கரத்தை ஆர்மோடு பிடித்துக்கொண்டிருக்கும் உருண்டை மூட்டு. "உடனே மாத்திடுங்க சார், வண்டிய எடுக்காதீங்க." ஒரு மணி நேர வேலை. நான் சென்னையில் ஸ்டைலான ஸ்பிரிங்குக்கு ஆர்டர் சொல்லியிருந்தேன். அது வரட்டும், இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்றேன். சரோஜாவிடம், "திடீர்னு உடைஞ்சிபோச்சு, யாருக்குத் தெரியும்" என்றேன். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன்.

ஜூலை 8, புதன்

புழுக்கம். கரண்ட் இரண்டு தரம் போனது.

திருப்பதியிலிருந்து பாவா போன், அக்கா வீட்டுக்காரர். பாவாவுக்கு எல்லாம் தெரியும். "காண்டசான்னா முன்னாடி ரெண்டு இஞ்சு எறக்கி உடணும் நைனா! அப்பதான் புலி பதுங்குனாப்ல இருக்கும்." புலி பதுங்கலாம். மலைப் பாதையில் வேகத்தடைக்கு வேகத்தடை வயிறு தேயுமே. அதைச் சொன்னால், "நீ எப்பவும் இப்படித்தான், தைரியம் இல்ல" என்கிறார்.

பார்த்தவை:
1. குட்டை ஸ்பிரிங், கெட்டியானது. வளைவில் சாயாது. அழகு. குழியில் இடுப்பு போகும்.
2. பழைய உயரம், கொஞ்சம் தடித்த கம்பி. கூட கேஸ் ஷாக்.
3. வேறு காரின் முன்பக்கத்தை அப்படியே வெட்டி ஒட்டுவது. படத்தில் பிரமாதம். ஆர்.டி.ஓ.வில் யார் பதில் சொல்வது? வேண்டாம்.
4. சாய்வைத் தடுக்கும் குறுக்குக் கம்பி, தடித்தது. இது கட்டாயம்.

ஒன்றா இரண்டா என்று சாயங்காலம் வரை யோசனை. போன வருடம் சொல்லிவைத்திருந்ததும் ஒன்றாம் நம்பர்தான். எனவே இரண்டு.

ஜூலை 10, வெள்ளி

பத்திர வேலைக்கு ஒரு நாள் லீவு விட்டுவிட்டு ஏழு மணி ரயிலில் சென்னை. அரக்கோணம் வரை நின்றுகொண்டே. பக்கத்தில் ஒருவர் போனில்: "ஆங், ஆங், வந்துகினே கீறேன்" என்று நாலு ஸ்டேஷனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஸ்பிரிங், ஷாக், ஆர்ம், குறுக்குக் கம்பி, பால் ஜாயிண்ட் நாலு, எல்லாம் வாங்கினேன். கடைசியில் புஷ்ஷில் மாட்டிக்கொண்டேன். ஆர்ம் அசையும் இடத்தில் உட்காரும் வளையம். ரப்பரிலும் உண்டு, பிளாஸ்டிக் மாதிரி கெட்டியான புதுச் சரக்கிலும் உண்டு. கடைக்காரர் புதியதைத்தான் தள்ளினார்.

"ரப்பர் அஞ்சு வருஷம்னா இது பதினஞ்சு வருஷம் சார். ஸ்டீரிங் கத்தி மாதிரி இருக்கும். ஒரே ஒரு விஷயம், அப்பப்ப கீச்கீச்னு சத்தம் வரும். அது ஒண்ணும் பண்ணாது. கண்டுக்காதீங்க."

கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். நல்ல பொருள். சிவப்பு நிறம். ஆனால் கண்டுகொள்ள வேண்டாத சத்தம் ஒன்று, கண்டுகொள்ள வேண்டிய சத்தம் ஒன்று என்று காரில் இரண்டு இருந்தால், எது வந்தாலும் எனக்கு வசதியான கணக்கில் சேர்த்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ரப்பரே வாங்கினேன். கடைக்காரருக்கு என் மேல் மரியாதை போய்விட்டது.

ஜூலை 14, செவ்வாய்

சரோஜா ஆறரை பஸ்ஸுக்குப் போனாள். முனிரத்தினம் ஒன்பதுக்கு வந்தான். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றும்போது என்னை வாசல் வரை தள்ளி நிற்கச் சொன்னான். அமுங்கியிருப்பது தெறித்தால் ஆள் காலியாம்.

மதியம் வரை பாதி மாட்டினான். போல்ட்டை எல்லாம் லூசாகவே விட்டான். ஏன் என்றேன்.

"தொங்கினு இருக்கும்போது டைட் பண்ணா ரப்பர் முறுக்கிக்கும் சார். ஆறே மாசத்துல கிழிஞ்சிடும். சக்கரம் தரையில நிக்கணும், வழக்கமா உக்கார்ற ஆளுங்க உக்காந்துகினு இருக்கணும். அந்த வெயிட்ல டைட் பண்ணாதான் நிக்கும். யார் யார் உக்காருவீங்க?"

"நான்தான்."

"அம்மா?"

"அவங்க பஸ்ல போறாங்கப்பா."

போல்ட்டுக்கு எண்ணெய் விட்டான். பிறகு, "சனிக்கிழமை வரேன். கேட்டு வெய்ங்க" என்றான்.

நாலு மணிக்கு அவள் வந்தாள். பஸ் நிறுத்தத்திலிருந்து கட்டோடு நடந்து. வலது தோள் இறங்கியிருந்தது. ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன். காரில் உட்காருவாயா என்று கேட்கவில்லை.

ஜூலை 16, வியாழன்

சாயங்காலம் நாலு தூறல். மண் வாசனை வந்ததோடு சரி.

சொல்லிவிட்டேன். சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன், இல்லாவிட்டால் இன்றும் போயிருக்கும். பால் ஜாயிண்ட், பதினைந்து நாள், ஸ்பிரிங் வரட்டும் என்றது, எல்லாம். பத்திரம் படித்துக் காட்டுவதுபோல் கடகடவென்று. தட்டைப் பார்த்துக்கொண்டே.

அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "சாப்புடுங்க, ஆறிடும்" என்றாள். பிறகு ரசம் ஊற்றினாள். திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 17, வெள்ளி

ஒன்றுமில்லை. அவளும் நானும் உப்பு, புளி, கடைச் சாவி பற்றி மட்டும்.

சனிக்கிழமை வெயிட் விஷயத்தைச் சொன்னேன். "உன்ன ஏறச் சொல்லல. முனிரத்தினம் கேட்டான், அதான்." தலையை மட்டும் ஆட்டினாள்.

ஜூலை 18, சனி

முனிரத்தினம் வந்து காரைத் தரையில் இறக்கினான். நான் டிரைவர் சீட்டில் ஏறினேன். சரோஜா வாசலுக்கு வந்தாள். முனிரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். அவன் அரிசி மூட்டைகளோடு வந்தான், அவள் லுங்கிக் கட்டோடு.

"நான் அறுவத்தி ரெண்டு கிலோ. எனக்குப் பதிலா இருவத்தாறு கிலோ மூட்டை ரெண்டு, மேல ஒரு லுங்கிக் கட்டு பத்து கிலோ. சரியா இருக்குதா பாத்துக்கோ முனிரத்தினம்."

நான் அவளை ஐம்பத்தைந்து என்று நினைத்திருந்தேன். இத்தனை வருடத்தில் கேட்டதில்லை.

மூட்டைகளை என் பக்கத்துச் சீட்டில் வைத்து பெல்ட் போட்டான். காரை நாலு தரம் அமுக்கி விட்டான். அடியில் போய் ஒவ்வொன்றாக டைட் வைத்தான். நான் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி அரிசியோடு முக்கால் மணி நேரம். தெருவில் போனவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

மதியம் அலைன்மென்ட் முடித்தாகிவிட்டது. ஸ்டீரிங் நேராக நிற்கிறது. குழியில் ஒரே அசைவில் அடங்குகிறது. இரண்டாம் நம்பர்தான் சரி. பாவாவுக்குச் சொல்லவில்லை.

ஜூலை 19, ஞாயிறு

மேகமூட்டம், காற்று. மலைக்குப் போய் எலுமிச்சம்பழத்தில் சக்கரம் ஏற்றிவிட்டு வரலாம் என்று சாவி எடுத்தேன். சரோஜா பட்டுப்புடவையில் நிற்கிறாள். மூட்டைகளை இறக்கப் போனேன்.

"இருக்கட்டும். அதுக்குத்தானே டைட் பண்ணீங்க" என்று பின் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள். முன்னால் நானும் அரிசியும்.

மலை ஏறினோம். சாமி கும்பிட்டோம். ரேடியோ போடவில்லை.

இறங்கும்போது மூன்றாவது வளைவில், டக். ஒரே ஒரு தரம். சின்னச் சத்தம். இறங்கிவிடலாம், கீழே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசு அதற்குள் சொல்லிவிட்டது. பிரேக் போட்டேன். ஓரம் கட்டினேன். பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனது.

"ஒரு சத்தம் கேட்டுச்சு. பாத்துடறேன்" என்றேன்.

சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன். படுத்துப் பார்த்தேன், வேட்டியெல்லாம் மண். ஒன்றுமில்லை. டிக்கியைத் திறந்தால் ஜாக்கி புரண்டு கிடக்கிறது. அதுதான்.

அவளும் இறங்கி நின்றாள். "எனக்கும் கேட்டுச்சுங்க" என்றாள். "போன வருசமும் கேட்டுச்சு. இன்னா சத்தம்னு கேக்க வாயத் தொறந்தேன். நீங்க பாட்ட பெருசா வெச்சீங்க."

வைத்தேன். வியாழக்கிழமை சொன்னதில் அது இல்லை. எனக்கே மறந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

"ஆமா" என்றேன்.

சுவர் ஓரம் நின்று புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முன் கதவைத் திறந்தாள். "இந்த மூட்டைய எடுத்துப் பின்னாடி போடுங்க, என்னால தூக்க முடியாது."

இரண்டையும் தூக்கிப் போட்டேன். லுங்கிக் கட்டை அவளே எடுத்துப் பின் சீட்டில் வைத்தாள், வலது கையால்.

செவ்வாய்க்கு: பெட்ரோல், டயரில் காற்று. பொதட்டூர்பேட்டை, ஆறரை, இருவரும்.