போஞ்சிக் கொடி ஏறிவிட்டது, மாமா

என் பிரியமான, கோபக்கார மாமாவுக்கு,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் இங்கிருந்து மேலே வருகிற யாராவது உங்களிடம் சொல்லத்தான் போகிறார்கள். லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற உங்கள் காய்கறித் தோட்டத்தில், கொட்டுகிற மழையில் கால் வழுக்கி, உட்கார்ந்தபடியே சறுக்கிப் போய், தண்ணீர் விழுகிற பீலியடியில்தான் நின்றேன். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடத்தோடு ஒதுங்கி வழி விட்டார்கள். "அண்ணே, இந்த ரயிலு றொசல்ல டேசன்ல நிக்காதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மாப்ள கையில மம்பட்டியக் குடுத்தா மண்ணுக்குத்தான் வலிக்கும்" என்பீர்களே, அதுதான் நினைவுக்கு வந்தது. மண்ணுக்கு வலித்ததோ என்னவோ, எனக்குச் சில நாள் உட்கார முடியவில்லை.

உங்களை அடக்கம் செய்த மண் காய்வதற்குள் தேயிலை எஸ்டேட் கணக்கப்பிள்ளை வந்துவிட்டார். "பெருசு போயிருச்சு. இனி இத யாரு பாக்கப்போறா? துரை லயம் பாக்க வாரதுக்குள்ள இங்க பயிர் நிக்கணும். இல்லாட்டி மாட்டுப்பட்டி போட ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு, குடுத்துருவேன்."

உங்கள் மகள் பின்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாவாடை கட்டிய வயதிலிருந்து உங்களோடு கல் பொறுக்கிய மண் அல்லவா அது? அவள் இரண்டு வார்த்தை சொல்லி அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. "நான் பாத்துக்கிறேங்க" என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். கணக்கப்பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உங்கள் மகளைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையை ஆட்டினார்.

எஸ்டேட்டில் வேலைக்குத் தருகிற மம்பட்டியைச் சாயங்காலம் சாமான் அறையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், உங்களுக்குத் தெரியாததா? ஆகவே உங்கள் பழைய மம்பட்டியை எடுத்தேன். நாலு வெட்டு வெட்டுமுன் காம்பு முறிந்தது. ஒரு கொய்யாக் கிளையைச் செதுக்கிப் பச்சையாகவே மாட்டினேன். அது காய்ந்து சுருங்கியதும், ஓங்கிய வேகத்தில் இரும்பு மட்டும் பறந்து பக்கத்து வீட்டுத் தகரத்தில் விழுந்தது. "இடி விழுந்துருச்சு!" என்று உள்ளே இருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள்.

அந்தக் காம்புக்கு ஆப்பு அடித்து, ஒருவழியாகப் பாத்தியும் போட்டேன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மேலிருந்து கீழே நூல் பிடித்தாற்போல் போட்டேன். மறுநாள் மழையில் பாத்தி, எரு, போஞ்சி விதை எல்லாம் கரைந்து பீலிக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றைப் பிடிக்கப் போய்த்தான் நானும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தேன்.

அப்போதுதான் உங்கள் மகள் வாய் திறந்தாள்.

"தொரைக்குக் கான் வெட்டுறப்ப மலைக்குக் குறுக்கால வெட்டுறீங்க. நம்ம தோட்டத்துல மட்டும் தண்ணிக்கு ரோடு போட்டுக் குடுப்பீங்களோ?"

மண் அரித்துப் போகாமல் மழைத்தண்ணீரைத் திருப்பிவிட இந்த மலை முழுக்கக் கான் வெட்டிப் பேர் வாங்கியவன் நான். அந்த மூளையை மம்பட்டியோடு சேர்த்துச் சாமான் அறையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்!

அவள் உள்ளே போய், அடுப்புக்கு மேலே பரணிலிருந்து ஒரு காம்பைக் கொண்டு வந்து நீட்டினாள். "அப்பா பொகையில காய வச்சது. இப்பத்தான் கண்ணுல பட்டுச்சு." இரும்பை மாட்டி நிறுத்திப் பார்த்தேன். எனக்குச் சரியாக இடுப்புக்கு வந்தது. உங்களுக்கென்றால் நெஞ்சில் முட்டியிருக்கும். நம் வீட்டில் இந்த உயரத்துக்கு என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது.

யாருக்காகச் செதுக்கினீர்கள், மாமா? ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

எல்லாவற்றையும் மறுபடி வெட்டினேன், இந்தத் தடவை குறுக்கே. மேலே ஒரு ஆழமான கான். பாத்தியில் புதிதாகப் போஞ்சி விதையும் ஊன்றினேன். மழையும் விடவில்லை, முன்னைவிடப் பலமாக வந்தது. பின்வாசலில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இருவரும் நின்று பார்த்தோம். செந்தண்ணீர் கானோடு திரும்பி ஓரமாக ஓடியது. பாத்தி ஒரு பிடி மண்ணைக்கூட விடவில்லை.

துரை வருவதற்கு முன்னால் கணக்கப்பிள்ளை குடையோடு வந்தார். போஞ்சிக் கொடி கம்பின் உச்சியைத் தாண்டி, பிடிக்க ஒன்றும் இல்லாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் காலால் கான் ஓரத்தை மிதித்துப் பார்த்தார். "யாரு வெட்டுனது?"

"எங்க வீட்டுக்காரருங்க" என்றாள் உங்கள் மகள். "வேற யாரு?"

அந்த 'வேற யாரு' இருக்கிறதே, மாமா! எந்தத் துரையும் எனக்கு அப்படி ஒரு சம்பளம் தந்ததில்லை.

"அப்ப மாட்டுப்பட்டிக்கு வேற எடம் பாக்கச் சொல்லிருவோம்" என்று கணக்கப்பிள்ளை போய்விட்டார்.

இந்த மண் நம் கையை விட்டுப் போகாது, நான் இருக்கிறவரை பாத்தி காயாது. உங்கள் காம்பை வேலை முடிந்ததும் துடைத்து, அதே பரணில் வைப்பேன். இது நான் தருகிற வாக்கு.

முதல் போஞ்சிக் காயைச் சமைத்து உங்கள் படத்துக்கு முன் படைத்துவிட்டுத்தான் சாப்பிட்டோம். ஒரு வாய் வைத்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பா போட்ட போஞ்சி மாதிரியே இருக்குல்ல?" என்றாள். "ஆமா, அப்படியே இருக்கு" என்றேன்.

உங்களுடையதைவிட நன்றாக இருந்தது, மாமா. அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

மண்ணுக்கு வலிக்காமல் வெட்டப் பழகிக்கொண்ட,
உங்கள் மாப்பிள்ளை