ஹேண்ட்பிரேக்கில் ஒரு கை

என் வீட்டுக்காரருக்கு,

பேருந்து ஓட்டும் தேர்வில் தோற்றேன். ஒவ்வொரு திருப்பத்திலும் என் கண் தானாக இடப்பக்கம் போனது. "ரோட்டப் பாக்காம யாரம்மா தேடுறீங்க?" என்றார் தேர்வாளர்.

உங்களைத்தான்! கார் பழகியபோது நீங்கள் ஹேண்ட்பிரேக்கில் கை வைத்து, "பாத்து, பாத்து" என்றது தேவைதான். உரிமம் வாங்கி மூன்று வருடமாகியும் அந்தக் கையை எடுத்தீர்களா?

நேற்று வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவதுபோல, "உனக்கு எதுக்குடி பஸ்சு? காரே ஒழுங்கா வரல" என்று சிரிப்பு வேறு.

இன்று மறுதேர்வு. காரை நானே எடுத்துப் போகிறேன், துணை வேண்டாம். நீங்கள் வேலைக்குப் பேருந்தில் போங்கள். போகும்போது நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்: அதில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கை கிடையாது.

உங்களுக்கு வாழ்க்கைப்பட்ட ஓட்டுநர்