உன் திவசத்தன்று வந்தது

மடல் எண்: 13
நாள்: 14 ஆகஸ்ட் 2025, வியாழக்கிழமை, கொல்லம் ஆண்டு 1200, ஆடி 29
நேரம்: காலை 6.40
பொருள்: நேற்று நடந்த உன் முதலாண்டுத் திவசமும் அதையொட்டி எனக்கு நேர்ந்த எரிச்சல்களும்

இதை எழுதும்போது வீடு முழுக்க வெந்நீர்ப் பையின் ரப்பர் மணம். நம் மகள் உள் அறையில் அதை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது நீ வாங்கிய அதே சிவப்புப் பை. கொதிநீரை ஊற்றும்போதெல்லாம், "கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டுக்குள்ள நொழஞ்ச மாதிரியில்லா மணக்குது" என்று மூக்கைச் சுளிப்பாய். சுளித்துக்கொண்டே மூடியை இறுக்கி, கவிழ்த்துப் பார்த்து, பழைய துண்டில் சுற்றி அவளிடம் கொடுப்பாய். இப்போது அந்த வேலை என்னுடையது. நான் இரண்டு மூன்று முறை கவிழ்த்துப் பார்க்கிறேன். அதற்கும் அவளுக்குக் கோபம். "தண்ணி ஆறிப் போவுதுப்பா, தாருங்க" என்கிறாள்.

முறைப்படி தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நீ போன பிறகு அவளுடைய மாதவிலக்கு இன்னும் தாறுமாறாகிவிட்டது. இரண்டு மாதம் எட்டிப் பார்க்காது. பிறகு ஒரே மாதத்தில் இரண்டு தடவை வந்து ஆளைச் சாய்த்துவிடும். மார்த்தாண்டத்தில் வேலை முடிந்து, சந்திப்பு நெரிசலில் நகராமல் கிடக்கும் பேருந்தில் அவள் நின்றுகொண்டிருக்கும்போதுதான் அதற்கு வரத் தோன்றும். எந்த நாளும் கைப்பையில் மாற்றுச் சுடிதார் ஒன்றைச் சுமந்துகொண்டு திரிகிறாள். கடைசியில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். "கடைசியா எப்ப வந்தது?" என்று அவர் கேட்ட உடனே தேதியையும் கிழமையையும் நான் சொன்னேன். மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் விளங்கி, எழுந்து வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருக்கின்றன, பயப்பட ஒன்றுமில்லை, பொறுமையாகத்தான் சரிசெய்ய வேண்டும் என்றார் மருத்துவர். வரவழைப்பதற்கோ தள்ளிப்போடுவதற்கோ தன்னைக் கேட்காமல் ஒரு மாத்திரையையும் தொடக்கூடாது என்பதை இரண்டாம் முறையும் சொல்லி அனுப்பினார்.

இவ்வளவு தெளிவாக ஒருவர் சொன்ன பிறகு ஊருக்கு இதில் என்ன வேலை? எதிர்வீட்டுக்காரி பப்பாளிப் பழத்தோடு வருகிறாள். பழத்தை வைத்துவிட்டுப் போனால் போதாதா? "ஒரு கல்யாணத்த முடிச்சு வையுங்க அண்ணாச்சி, எல்லாம் தன்னால சரியாவும்" என்கிறாள். உன்னை நான் கட்டினேனே, உனக்குச் சரியாயிற்றா? மருந்துக்கடைக்காரர் இன்னொரு வகை. நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, சுற்றியதைக் கறுப்புப் பையில் போட்டு, இருபுறமும் பார்த்துவிட்டு நீட்டுகிறார். "நான் என்ன சாராயமா கேட்டேன்?" என்றேன். "பழக்கமாயிப் போச்சு சார்" என்கிறார்.

உனக்கும் மாதவிலக்கு இப்படித்தான் இருந்தது. பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளனாக இருந்தவன் நான். வண்டி ஐந்து நிமிடம் பிந்தினாலும் காரணம் கேட்பவன். நம் வீட்டு நாள்காட்டியில் உன் நாளையும் சிறு புள்ளியாகக் குறித்து வந்தேன். நீ அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "இஞ்ச பாருங்க, உங்க பஸ்ஸே சொன்ன நேரத்துக்கு வரமாட்டேங்குது. நீங்க புள்ளி குத்தி வச்சா இது வந்துருமாக்கும்?"

மகள் பிறப்பதற்கு முன் நாம் காத்திருந்த பதினான்கு ஆண்டுகளில் ஒவ்வொரு தாமதமும் ஒரு நம்பிக்கையாக இருந்தது. ஒருமுறை வெகுவாகத் தள்ளிப்போயிற்று. நாம் மருத்துவரிடம் போவதற்குள் என் தங்கை உறவு முழுவதற்கும் சொல்லி முடித்து, சுசீந்திரத்திலிருந்து லட்டுப் பெட்டியோடு வந்து இறங்கினாள். அன்று பிற்பகலே உனக்கு வந்துவிட்டது. கூடத்தில் நிறைந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நீ முகம் கழுவிக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்தாய். ஒவ்வொருவர் கையிலும் ஒரு லட்டை வைத்தாய். "எனக்கு வயித்துவலியாக்கும் பொறந்திருக்கு. எல்லாரும் தின்னுங்க" என்றாய்.

அதே தங்கைதான் முந்தாநாளும் வந்து இறங்கினாள். இம்முறை அவள் பையில் இருந்தது ஒரு மாத்திரை அட்டை.

"மக்கா, நாளைக்கு நீதான அம்மைக்கு விளக்கு ஏத்தணும். இன்னைக்கே ஒண்ண முழுங்கீரு. ரெண்டு நாளு தள்ளிப் போட்டுருலாம்."

"எனக்கு எப்ப வரும்னே தெரியாது அத்தே. எதத் தள்ளிப்போட?"

"தெரியாததுனாலதாண்டி போடச் சொல்லுகேன், கோட்டிக்காரி."

மகள் அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம், "அம்மைக்கு வருசத்துல இந்த ஒரு நாளுதானப்பா. போட்டுக்கிடுகேன்" என்றாள். மருத்துவர் சொன்னதை அவள் மறக்கவில்லை. உன் படத்தின் முன் நின்று விளக்கேற்ற வேண்டும். அதற்காக உடம்பை என்ன பாடு வேண்டுமானாலும் படுத்தத் துணிந்துவிட்டாள். எனக்குக் கோபம் யார்மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அட்டையை வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"நாளைக்கு வந்துட்டுன்னா?" என்றாள் தங்கை.

"வந்தா வரட்டும்."

வந்துவிட்டது. நேற்று விடியும்போதே. நான் எழுந்து பார்த்தபோது மகள் குளித்த ஈரத் தலையோடு, வெந்நீர்ப் பையை அணைத்துக்கொண்டு அடுக்களைப் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. மாத்திரையைத் தடுத்தவன் நான். உள்ளே தங்கை குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டே, "நான் ஏத்துகேன். இப்ப என்ன?" என்று பொதுவாகச் சொன்னாள்.

புரோகிதர் ஏழரைக்கு என்று குறித்துக் கொடுத்திருந்தார். இலை, நீர், எள் எல்லாம் தயார். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன். ஆயுள் முழுவதும் வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பிவிட்டவன், உன் விளக்கைப் பிந்தவிடுவேனா? பின்வாசலுக்குப் போனேன்.

"குளிச்சாச்சுல்லா? பொறவு என்ன இங்க இருப்பு? வா, நேரம் போவுது."

"அப்பா, எனக்கு..."

"தெரியும். எழும்பு."

தங்கை கதவை மறித்தாள். "அண்ணே, தீட்டாக்கும்! திவசத்துல போயா?"

"இவ அம்மையும் இதே பாடுதான் பட்டா. வந்தா தீட்டுன்னிய, வரல்லன்னா மலடி வாயும் வயிறுமா ஆயிட்டாளான்னு கேட்டிய. ரெண்டும் நீங்கதான சொன்னிய? ஒண்ண வச்சுக்கிட்டு ஒண்ண விடுங்க" என்றேன். திவச வீட்டில் எழக்கூடாத அளவுக்குக் குரல் எழுந்துவிட்டது. புரோகிதர் பஞ்சாங்கத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

மகள் வந்தாள். திரி முதலில் பற்றவில்லை. விரலை ஒருமுறை உதறிக்கொண்டு மறுபடி ஏற்றினாள், பற்றிக்கொண்டது. எனக்குக் கேட்காது என்று நினைத்து உன் படத்திடம் மெல்லச் சொன்னாள்: "இன்னைக்குப் பாத்துல்லா வந்திருக்கும்மா, நீ சொன்ன பஸ்ஸு."

அந்தப் பேச்சை நீ அவளிடமும் சொல்லியிருக்கிறாய் என்பது எனக்கு நேற்றுவரை தெரியாது.

தங்கை, "இனி இந்த நடை ஏற மாட்டேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு சாலைக்குப் போனாள். நாகர்கோவில் பேருந்து வரவில்லை. வெகுநேரம் வெயிலில் நின்றுவிட்டு, வேறு வழியில்லாமல் திரும்பி வந்து அதே நடையில் ஏறினாள். பிந்திய வண்டி எதையும் நான் மன்னித்ததில்லை, நேற்றையதை மன்னித்தேன். இலை போட்டதும் வந்து உட்கார்ந்தாள். பருப்பில் உப்பு போதாது என்றாள். பருப்பு வைத்தவன் நான், போதாதுதான். புறப்படும்போது மகளிடம், "வெந்தயத்த ஊறப் போட்டுக் குடிட்டி, வலிக்குக் கொள்ளாம், நல்லா கேக்கும்" என்றாள். மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன்.

நாள்காட்டியில் இப்போதும் புள்ளி விழுகிறது. வைப்பவள் அவள், மருத்துவர் கேட்டிருக்கிறார். நேரம் தவறும் எதைக் கண்டாலும் எனக்கு எரிச்சல்தான். அது இந்த வயதில் மாறப் போவதில்லை. ஆனால் புள்ளி தள்ளி விழும்போது அவளிடம் காரணம் கேட்பதில்லை. உன்னைப்போல் சிரிக்க எனக்கு வரவில்லை. அடுப்பில் தண்ணீர் வைக்கிறேன்.

இம்மடலுடன் உன் படச் சட்டத்தின் பின்னால் செருகப்பட்டவை:

1. மாத்திரை அட்டை, ஒன்று. ஒரு மாத்திரையும் பிரிக்கப்படவில்லை.
2. நாப்கின் சுற்றித் தரப்பட்ட செய்தித்தாள், ஒரு தாள். இனி சுற்ற வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டேன்.
3. நேற்று அவள் ஏற்றிய விளக்கின் திரி, எரிந்து மிஞ்சியது.

வெந்நீர்ப் பை இணைக்கப்படவில்லை. இங்கே தேவைப்படுகிறது.